பாதி மந்திரம்

என் மனைவியின் குரலை நான் அழித்துவிட்டேன்.

கழுத்தைப் பிடித்து அல்ல. அந்தத் தைரியம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கேசட்டில் இருந்த குரலைத்தான் அழித்தேன். அழித்தது எனக்கே தெரியாது. தெரிந்தபோது வீடு நிறைய ஆட்கள் முழங்காலில் இருந்தார்கள், எதிரே மாதா சுரூபம் இருந்தது.

போன வாரக் கதையைத் தவறவிட்டவர்கள் கவலைப்பட வேண்டாம். போன வாரமும் காரியத்தைக் கெடுத்தவன் நான்தான், ஆள் மாறவில்லை. ரந்தாவ் பக்கம் உள்ள எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால் மரங்களைச் சாய்த்துவிட்டு, எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள். மரம் சீவிக்கொண்டிருந்த என் மனைவி மதலேனுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆகஸ்டு மாதம் செனாவாங்கில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தாள். பூதக்கண்ணாடியில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியை ஒட்டுகிற வேலை. மதியம் பஸ் ஏறினால் வீடு திரும்ப இரவு பத்தைத் தாண்டிவிடும்.

அதனால் வீட்டில் ஏழு மணிச் செபம் என் தலையில் விழுந்தது.

நானோ பிறந்தபோது சன்னாசி. மதலேனைக் கட்டிக்கொள்வதற்காக ஞானஸ்நானம் வாங்கிச் சந்தியாகு ஆனவன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் முன்னால் சொல்வாள், நான் பின்னால் பதில் சொல்வேன். பாதித் தூக்கத்தில் சொல்வேன். விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்துவிட்டு, பொழுது சாயும்வரை டிராக்டரில் செம்பனைக் குலை ஏற்றுகிறவன் முழங்கால் போட்டால், பக்தி வருவதற்குள் தூக்கம் வந்துவிடுகிறது. இரண்டும் ஒரே வழியாகத்தான் வருகின்றன. தூக்கம் கொஞ்சம் வேகமாக வருகிறது.

இதை அறிந்த மதலேன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, செபமாலை முழுவதையும் கேசட்டில் பதிந்து வைத்தாள். மந்திரத்தின் முதல் பாதியைச் சொல்வாள். பிள்ளைகள் பதில் சொல்ல இடம் விடுவாள். மறுபடி முதல் பாதி. நான் செய்ய வேண்டியது பொத்தானை அழுத்துவது ஒன்றுதான். என் பக்தி முழுவதும் வலது கை ஆள்காட்டி விரலுக்கு வந்து சேர்ந்தது.

அந்த விரலையும் நம்பக் கூடாது என்று இந்த வாரம் தெரிந்தது.

வியாழக்கிழமை மாலை பிள்ளைகள் பக்கத்து வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வருவதற்குள் கேசட்டைத் தயாராக வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். ஏறக்குறைய ஆரம்பம்வரை திருப்பி, சரியாக ஓடுகிறதா என்று பார்க்கப் பொத்தானை அழுத்தினேன். பக்கத்தில் இருந்த சிவப்புப் பொத்தானும் சேர்ந்து இறங்கியிருக்கிறது. குரல் வரும் என்று சுவரில் சாய்ந்து காத்திருந்தேன். கண்ணைத் திறந்தபோது கேசட்டு ஓடி முடிந்திருந்தது. சரி, செபம் முடிந்துவிட்டது என்று சிலுவை போட்டுக்கொண்டு சாப்பிடப் போனேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அக்டோபர் செபமாலை மாதம். எங்கள் தோட்டத்து வேதக்காரக் குடும்பங்களின் வீடுகளுக்கு மாதா சுரூபம் ஒவ்வொரு நாளாக வரும். அன்றைக்கு எங்கள் முறை. உபதேசியார் மதலைமுத்து வந்தார். ஞாயிற்றுக்கிழமை புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கப் போகிற பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பவர் அவர்தான். பக்கத்து வீட்டுச் செல்லம் அக்காவும் வந்தார். அவர் நெற்றி நிறையத் திருநீறோடு மாதா முன்னால் உட்காருவார், எங்கள் எல்லாரையும்விடச் சத்தமாகப் பதில் சொல்வார்.

பொத்தானை அழுத்தினேன். செபமாலையின் முதல் பத்து மணி, முதல் தேவ இரகசியம், நன்றாகப் போயிற்று. மதலேனின் குரல் கணீரென்று வந்தது. இரண்டாவதில் 'டொக்' என்று ஒரு சத்தம். பிறகு மதலேன் இல்லை.

பிறகு வந்தது நான். 'க்ர்ர்ர்ர்' என்று இழுத்து, ஒரு நொடி நிறுத்தி, 'பூஊஊ' என்று விட்டேன்.

புதுநன்மை வாங்கப் போகிற என் மகன், ஒன்பது வயது லாசர், கண்ணை மூடிக் கைகூப்பி இருந்தான். என் குறட்டை நின்ற இடத்தில் கொஞ்சமும் தடுமாறாமல், "அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே..." என்று எடுத்தான். பழக்கத்தில் கூட்டமும் சேர்ந்துகொண்டது. மறுபடியும் குறட்டை. மறுபடியும் அர்ச்சிஷ்ட மரியாயே. மூன்றாவது முறைதான் செல்லம் அக்கா கண்ணைத் திறந்தார்.

"யாருலா இது முன்னால சொல்றது? சளி புடிச்ச சாமியாரா?"

அதன் பிறகு யாரும் முழங்காலில் இல்லை. சிரித்துச் சிரித்துச் சரிந்துவிட்டார்கள். சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருவர் உபதேசியார். இன்னொருத்தி என் மூத்த மகள் ஜெசிந்தா. பதினான்கு வயது. கேசட்டு வந்த நாளிலிருந்து அவள் செபத்தில் உட்காருவாள், வாயைத் திறக்க மாட்டாள். முதல் பாதியும் சொல்வதில்லை, இரண்டாம் பாதியும் சொல்வதில்லை. ஏன் என்று கேட்டால், "சும்மாதான்" என்பாள்.

உபதேசியார் கேசட்டை நிறுத்தினார். அவருடைய மனநிலையை என் பெயரை வைத்தே தெரிந்துகொள்ளலாம். நல்ல நாளில் சந்தியாகு என்பார். கெட்ட நாளில் நான் மறுபடி சன்னாசி ஆகிவிடுவேன்.

"சன்னாசி," என்றார். "மிஷினை ஓரமா வையி. நீ முன்னால சொல்லு."

நான் வாயைத் திறந்தேன். எதுவும் வரவில்லை. இத்தனை வருடம் அந்த முதல் பாதியைக் காதால் கேட்டிருக்கிறேன். வாயால் சொன்னதே இல்லை.

"எனக்குத் தொண்டை சரியில்லைங்க. லாசரு சொல்லட்டும்."

"லாசரு, சொல்லுய்யா. பரலோக மந்திரம்."

லாசர் நிமிர்ந்து நின்று, நல்ல சத்தமாக ஆரம்பித்தான். "எங்கள் அனுதின உணவை எங்களுக்கு இன்று அளித்தருளும்..."

"மொதல்லேருந்து சொல்லு."

"இதான் மொதலு."

உபதேசியார் என்னைப் பார்த்தார். நான் மாதாவைப் பார்த்தேன். மாதா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் மகனுக்கு எந்த மந்திரமும் பாதிதான் தெரியும். பதில் சொல்கிற பாதி. முதல் பாதி அம்மாவுடையது, அது கேசட்டில் இருக்கிறது, தனக்குச் சம்பந்தம் இல்லை என்று நினைத்திருக்கிறான். ஞானோபதேச வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து சத்தம் போடும்போது முதல் பாதிக்கு வாயை மட்டும் அசைத்திருக்கிறான்.

"நாளைக்கி நாலு மணிக்குப் பாதர் வராரு. ஒவ்வொரு புள்ளையா தனியா நிக்க வச்சிக் கேப்பாரு," என்றார் உபதேசியார். "முழுசாச் சொல்லாத புள்ளைக்கு இந்த வருசம் புதுநன்மை இல்ல. அடுத்த வருசந்தான். வூட்டுல அப்பா அம்மா சொல்லிக் குடுக்கணும்னு எத்தன தடவ சொன்னேன்?"

"ஜெசிந்தாவுக்கு முழுசும் தெரியுங்க. ஆனா வாயத் தொறக்க மாட்டேங்குறா. ஏன்னு ஒங்களுக்காச்சும் தெரியுமா?"

"வயசுப் புள்ளல்லாம் அப்படித்தான், சன்னாசி."

எனக்கு அது பதிலாகத் தெரியவில்லை. ஆனால் அவர் அதற்குள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை மதலேன் சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தாள். நாளைக்குப் பூசைக்கு லீவு வேண்டும் என்பதற்காக வாரம் முழுவதும் ஓவர்டைம் செய்திருக்கிறாள். எழுப்பிச் சொல்லியிருக்கலாம். அவள் கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம் இருந்தது. எழுப்பவில்லை. இதை இரக்கம் என்று நான் சொல்லிக்கொண்டேன். அதன் உண்மைப் பெயர் பயம்.

லாசரை எழுப்பினேன். எங்கள் வீட்டில் அவனை எழுப்ப ஒரே வழி, வாசலில் நின்று, "லாசரே, வெளியே வா!" என்று கத்துவதுதான். வேதத்தில் அந்த லாசர் செத்து நான்கு நாள் கழித்தும் இந்தக் குரலுக்கு எழுந்து வந்தார். இவனுக்குப் போர்வையையும் உருவ வேண்டும்.

"அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாத. மத்தியானம் நான் வந்து சொல்லித் தர்றேன்."

"ஒங்களுக்குத் தெரியுமாப்பா?"

"புத்தகத்துல இருக்குலா."

சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து வந்து, கோழிக் கூண்டுக்குப் பின்னால் செபப் புத்தகத்தோடு உட்கார்ந்தோம். மதலேன் உள்ளே வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நான் தணிந்த குரலில் வாசித்தேன்.

"அருள் நிறைந்த மரியாயே வாழ்க..."

"அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய..."

"அது வேணாம். நான் சொல்றதையே நீ சொல்லு. அருள் நிறைந்த மரியாயே..."

"அர்ச்சிஷ்ட மரியாயே..."

"டேய்!"

"தானா வருதுப்பா! நீங்க அதச் சொன்னா எனக்கு இதான் வருது."

அவன் மேல் தப்பில்லை. முதல் பாதி காதில் விழுந்தால் அவன் வாயில் இரண்டாம் பாதி வந்து நிற்கிறது. வாயைப் பொத்திக்கொண்டு கேள் என்றேன். கையை எடுத்ததும் அடைத்து வைத்திருந்த அர்ச்சிஷ்ட மரியாயே குதித்து வெளியே வந்தது. நீயே வாசி என்று புத்தகத்தைக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தான். மருந்துப் புட்டியின் மேல் ஒட்டிய சீட்டை வாசிப்பதுபோல் இருந்தது. மூடியதும் மறந்துவிட்டான்.

எனக்கு மட்டும் என்ன? நானும் மூடியதும் மறந்துவிட்டேன். தூக்கம் வேறு கண்ணைக் கட்டியது. கோழிகள் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றன.

ஜெசிந்தா துணி காயப்போட வந்தாள்.

"ஜெசி, நீ கொஞ்சம் இவனுக்கு..."

"எனக்கு வேல இருக்குப்பா."

ஈரப் பாவாடையை உதறினாள். எங்கள் இருவர் மேலும் தண்ணீர் தெறித்தது. தீர்த்தம் தெளித்ததுபோல் இருந்ததே தவிர, பலன் இல்லை.

தொழிற்சாலைப் பஸ் நிற்கிற இடம்வரை மதலேனோடு நடந்தேன். வழக்கமாக நான் வருவதில்லை. அவள் இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள்.

"என்னா, பேச்சக் காணோம்?"

"ஒன் கேசட்டு அழிஞ்சி போச்சி, மதலேனு."

"எப்படி?"

"ரெண்டு பொத்தானையும் சேத்து அமுக்கிட்டேன்."

அவள் சிரித்தாள். களைப்பில் வந்த சிரிப்பு, பாதியில் நின்றது. "அதுக்கா இந்த மூஞ்சி? போனாப் போவுது. வேற பதிஞ்சாப் போச்சி."

"லாசருக்கு மந்திரம் பாதிதான் தெரியுது."

"பாதின்னா?"

"பதில் சொல்ற பாதி. ஒம் பாதி தெரியாது."

மதலேன் நின்றுவிட்டாள். கையில் இருந்த சாப்பாட்டுப் பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினாள்.

"எப்பத் தெரியும் ஒங்களுக்கு?"

"நேத்து."

"நேத்து ராத்திரி நான் வந்தப்பச் சொல்லலாம்ல? காலைல எழுப்பலாம்ல?"

"நீ தூங்கினே..."

"நான் தூங்கினா எழுப்ப மாட்டீங்க. நீங்க தூங்கினா தோட்டமே எழுப்புது." அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "வெள்ளச் சட்டத் துணி எடுக்க சிரம்பான்வரைக்கும் போனேன். எங்க அம்மா எனக்கு மந்திரம் சொல்லிக் குடுத்தது பால் வாளியத் தூக்கிக்கிட்டு. நடக்க நடக்கச் சொல்லுவாங்க. நான் மிஷின்ல குடுத்தேன். எம் பிள்ளைக்கு மிஷின் குடுத்த அளவுதான் வந்திருக்கு."

"இன்னிக்கி மட்டும் போகாம..."

"இன்னிக்கி நின்னா நாளைக்கி லீவு இல்லன்னுட்டான் சூப்பர்வைசரு. அவன் புதுநன்மை வாங்குறத நான் பாக்க வேணாமா?"

செம்மண் சாலையின் திருப்பத்தில் தூசி தெரிந்தது. எனக்கு அவசரம் வந்துவிட்டது.

"பெரியவ வாயத் தொறந்தா ஒரு மணி நேரத்துல அவனுக்கு ஏத்திருவா. ஏன் தொறக்க மாட்டேங்குறா? ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

மதலேன் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்றை நான் கேட்டுவிட்டதுபோல் பார்த்தாள்.

"பஸ்ஸு வந்துருச்சி," என்றாள்.

பஸ் நகர்ந்த பிறகு ஜன்னலில் தலை தெரிந்தது. "சட்டைக்குப் பொத்தான் தைக்கணும்!" என்று கத்தினாள்.

நான்கு மணிக்குப் பாதர் வந்தார். எங்கள் தோட்டத்துக் கோயில் ஒரு பழைய ஆயாக் கொட்டகை. பிள்ளைகள் தூங்குவதற்குத் தூளி கட்டிய இரும்பு வளையங்கள் இன்னும் உத்திரத்தில் தொங்குகின்றன. காலையிலிருந்து அவருக்கு இது நான்காவது தோட்டமாம். நாற்காலியில் உட்கார்ந்ததும் செருப்பிலிருந்து காலை எடுத்துத் தரையில் வைத்து, "அப்பாடா" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போனார்கள். மடமடவென்று ஒப்பித்தார்கள். பெற்றோர் பின்னால் உதடு அசைத்தார்கள். லாசரின் முறை வந்தது.

"பேரென்னா?"

"லாசரு."

"நல்ல பேரு. பரலோக மந்திரம் சொல்லு."

லாசர் நின்றான். அவனைத் தின்ன ஒரு கூட்டம் காத்திருப்பதுபோல் பின்னால் பார்த்தான். பிறகு பாதரிடம் மெதுவாகச் சொன்னான்.

"நீங்க மொதல்ல சொல்லுங்க பாதர். நான் அப்புறம் சொல்றேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பாதர் சிரிக்கவில்லை.

"நான் சொல்லலன்னா?"

"எங்கள் அனுதின உணவை..." என்று ஆரம்பித்து, அது இல்லை என்று அவனுக்கே தெரிந்து, நிறுத்தினான். கண் நிறைந்துவிட்டது. ஆனால் அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அழுதிருந்தால் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன்.

"யாரு சொல்லிக் குடுத்தது?"

"அம்மா கேசட்டும் அப்பாவும்."

"அப்பா வாங்க."

போனேன். மகன் பக்கத்தில் நின்றேன். பாதர் என்னையும் மந்திரம் சொல்லச் சொன்னார். இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு நான் அந்த நாற்காலிக்கு முன்னால் மூன்றாம் வகுப்புப் பையனாகிவிட்டேன். "பரலோகத்தில்..." என்றேன். மத்தியானம் புத்தகத்தில் படித்த மிச்சம் அவ்வளவுதான். அடுத்த வார்த்தையைத் தேடி உத்திரத்து வளையங்களைப் பார்த்தேன். பிறகு, தெரிந்த இடத்துக்குப் போய்விடலாம் என்று, "எங்கள் அனுதின உணவை," என்றேன்.

இப்போது எல்லாரும் சிரித்தார்கள். பாதரும் சிரித்துவிட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"அப்பனும் மகனும் சோறு மட்டும் கேக்குறீங்க. குடுக்கிறவரு பேரச் சொல்லிக் கூப்பிடாமலே கேக்குறீங்க."

"தப்புத்தான் பாதர். அவனுக்கு அடுத்த வருசம்னு சொல்லிறாதீங்க. அவன் தப்பு ஒண்ணும் இல்ல. அவங்க அம்மா லீவு வாங்கியிருக்கா. சட்ட தச்சாச்சு. பொத்தான் மட்டுந்தான் பாக்கி."

பாதர் லாசரைப் பார்த்தார். லாசர் தரையில் இருந்த பாதரின் வெறும் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கி பூசைக்கி முன்னால பாவசங்கீர்த்தனம் கேக்க உக்காருவேன். அப்ப வாங்க, ரெண்டு பேரும். இவன் முன்னால சொல்லணும். நீங்க பதில் சொல்லணும். முழுசா வந்தா நாளைக்கே புதுநன்மை. வரலன்னா அடுத்த வருசம். அதுக்கு மேல என்னால ஒண்ணும் செய்ய முடியாது, சந்தியாகு."

"பதில் எனக்குத் தெரியும் பாதர்."

"பாத்தேன்."

போவதற்குத் திரும்பினவன், மனசு கேட்காமல், நின்று கேட்டேன். "பாதர், எம் மூத்த மக செபத்துல வாயத் தொறக்கிறதே இல்ல. முழுசும் தெரிஞ்ச பிள்ள. எதனால இருக்கும்?"

"அவகிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டேன் பாதர்."

"எப்பக் கேட்டீங்க?"

யோசித்தேன். "செபம் முடிஞ்சா என்னைத் தட்டி எழுப்புவா. அப்பக் கேப்பேன்."

பாதர் செருப்பில் காலை நுழைத்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் லாசர் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தான். ஒன்பது வயதான பிறகு அவன் கையைப் பிடிப்பதை விட்டிருந்தான். எங்கள் வீட்டு வரிசையான லயத்தின் முனையில் செல்லம் அக்கா நின்றார்.

"என்னா தம்பி, பாஸா பெயிலா?"

"நாளைக்கித்தான் தெரியுங்கக்கா."

"நான் வேணா வந்து சொல்லட்டா? எனக்கு அந்தப் பதிலு நல்லாத் தெரியும்."

"எல்லாருக்கும் பதிலு தெரியுதுக்கா. அதான் பிரச்சன."

ஏழு மணி ஆயிற்று. கேசட்டு ரேடியோவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தேன். மாதா சுரூபம் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. சுவரில் திரு இருதயப் படத்துக்குக் கீழே சின்ன விளக்கு மட்டும் எரிந்தது. லாசர் பின்னால் கால் கழுவிக்கொண்டிருந்தான். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. ஜெசிந்தா விளக்கு வெளிச்சத்தில் வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அம்மா சொல்லிவிட்டுப் போனதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவளே எடுத்திருக்கிறாள்.

வழக்கமாக நான் உட்காருகிற இடம் சுவர் ஓரம். என் தலையின் எண்ணெய்க் கறை அங்கே ஒரு வட்டமாக இருக்கிறது. அன்றைக்கு அங்கே போகவில்லை. சாய்வதற்கு எதுவும் இல்லாத நடுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். முதுகு வலித்தது. நல்லது என்று விட்டேன்.

"ஜெசி."

"ம்."

"நீ ஏம்மா செபத்துல வாயத் தொறக்க மாட்டேங்குற?"

"சும்மாதான்."

எப்போதும் அந்த இடத்தில் விட்டுவிடுவேன். விட்டுவிடுவதில் எனக்கு நல்ல பழக்கம். இன்றைக்கு விடாமல் உட்கார்ந்திருந்தேன். ஊசி இரண்டு முறை உள்ளே போய் வெளியே வந்தது.

"பாதர் என்னைக் கேட்டாரு, ஒன்னை எப்பக் கேட்டேன்னு. தூங்கி எந்திரிச்சுக் கேட்டேன்னு சொன்னேன். இப்ப தூங்காமக் கேக்குறேன். பாரு, செவுத்துல சாயல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நடுத் தரையில் பிள்ளையார்போல் உட்கார்ந்திருந்த அப்பனைப் பார்த்து உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. உடனே அடக்கிக்கொண்டாள்.

"சொன்னா கோவப்படுவீங்க."

"கோவப்படத் தெம்பு இல்லம்மா."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். சட்டையை மடியில் விரித்து, பொத்தானை இழுத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"அம்மா வேலைக்கிப் போன மொத வாரம், கேசட்டு வர்றதுக்கு முன்னால, நான்தான் முன்னால சொன்னேன். ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இல்லை.

"எப்படி இருக்கும்? மொத தேவ ரகசியத்துலயே தூங்கிட்டீங்க. ஒங்களப் பாத்து லாசரும் சாஞ்சிட்டான். நான் 'அருள் நிறைந்த மரியாயே' சொல்லிட்டு நிறுத்துவேன். பதிலே வராது. அப்புறம் நானே பதிலையும் சொல்லிக்குவேன். கிறுக்குப் பிள்ள மாதிரி நானே கேட்டு நானே சொல்லி. வாரம் முழுக்க அப்படித்தான். எங்க ஸ்கூல் டீச்சரு, ஒங்க அப்பா எப்படிச் செபம் சொல்லுவாருன்னு கேட்டப்ப, எங்க அப்பா நல்லாச் சொல்லுவாருன்னு பொய் சொன்னேன். அப்புறந்தான் அம்மாகிட்ட, என்னால முடியாது, நீங்க கேசட்டுல பதிஞ்சி வையிங்கன்னு சொன்னேன். கேசட்டுக்குப் பதிலு வரலன்னாலும் அதுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல."

மதலேனுக்கு இது தெரிந்திருக்கிறது. பஸ் நிற்கிற இடத்தில் என்னைப் பார்த்த பார்வை இப்போது வந்து சேர்ந்தது.

எதையாவது வேடிக்கையாகச் சொல்லித் தப்பிக்கலாம் என்று பார்த்தேன். இருந்த வேடிக்கையெல்லாம் தீர்ந்துவிட்டது. பெரிய மனிதன்போல் ஒன்று சொன்னேன்.

"நாங்க தூங்கினா என்னம்மா, மாதா கேட்டுக்கிட்டுத்தானே இருந்திருப்பாங்க?"

"மாதா கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க," என்றாள் ஜெசிந்தா. "பதில் சொல்ல வேண்டியது நீங்கப்பா."

பின்னால் தண்ணீர்ச் சத்தம் நின்றது. லாசர் ஈரக் காலோடு வந்து, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வாசற்படியில் நின்றான்.

"அப்ப இவனுக்கு?" என்றேன். "நாளைக்குள்ள இவனுக்கு நீ சொல்லித் தருவியா, மாட்டியா? நேராச் சொல்லிரு ஜெசி. காலைலேருந்து எல்லாருகிட்டயும் கேட்டு அலுத்துட்டேன்."

அவள் சட்டையை மடித்து விளக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு முழங்கால் போட்டு, தாவணியைத் தலைமேல் இழுத்து விட்டுக்கொண்டு, முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தாள்.

"சொல்லித் தர்றேன். மொதல்ல நான் முன்னால சொல்றேன், அப்புறம் அவன் சொல்லட்டும். ஆனா பதிலு நீங்கதான் சொல்லணும். முழிச்சிருந்து சொல்லணும். ஒரு தடவ பதிலு வரலன்னாலும் நான் எந்திரிச்சிப் போயிருவேன்ப்பா."